புத்தகத்துக்குள் நம் முற்பணக் கணக்கு

சங்க இதழில் நாவலைப் பற்றி எழுதுவதா, சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

அண்மையில் நாங்கள் பின்னேரங்களில் கூடி வாசித்தவற்றில் மனதில் நின்றது ‘எரியும் பனிக்காடு’. பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராக இருந்தவர், தொழிற்சங்கத்திலும் உழைத்தவர். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முற்பணம் வாங்கி மலையேறுகிறார்கள். கணக்குப் பார்க்கும் நாளில் கடன் தீர்ந்தபாடில்லை. ஊர் திரும்ப வழியுமில்லை.

அந்த இடத்தில் தேங்காய் உரிக்கும் அக்கா ஒருவர் வாசிப்பை நிறுத்தச் சொன்னார். “நம்மட முற்பணமும் இப்பிடித்தானே?” என்றார். எத்தனை ஆயிரம் உரித்தார், எவ்வளவு பிடித்தார்கள் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. மறுநாள் முதல் ஐந்து பெண்கள் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் தாங்களே எழுதி வருகிறார்கள். கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியதுமில்லை.

மலையகத்துக்கு சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ இருக்கிறது, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ இருக்கிறது. எல்லாம் தேயிலை. சிலாபம், மாரவில, புத்தளம் தென்னந்தோட்டங்களைச் சொல்லும் நாவல் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை. பறிக்கிறவர்களும் உரிக்கிறவர்களும் கொப்பரா காயவைக்கிறவர்களும் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். அடுத்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

புத்தகம் இப்போது கிளைச் செயலாளர் வீட்டில். ஒரே பிரதிதான், அட்டை கழன்றிருக்கிறது. பார்த்துப் புரட்டுங்கள்.