பேரப்பிள்ளைகளோடு ஒரு கோடை வலம்

சித்திரை பிறந்ததும் சுவாமியே வெளியே புறப்பட்டுவிடுகிறார். அழகர்மலையிலிருந்து கள்ளழகர் வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கி மதுரைக்கு வந்து வைகையில் இறங்குகிறார். திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கில் எழுந்தருளி, அக்கம்பக்கத்து ஆறு தலங்களுக்கும் சென்று திரும்புகிறார். அதற்கு ஏழூர்த் திருவிழா என்றே பெயர். வேறு பல கோயில்களில் வசந்தோற்சவம் நடைபெறும். மதுரையில் திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபம் மீனாட்சி சுந்தரேசுவரரின் வசந்த விழாவுக்காகக் கட்டப்பட்டதே. அக்னி நட்சத்திர நாட்களில் சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் கட்டி, துளித்துளியாக நீர் சொட்ட விடுகிறார்கள். "சாமிக்கும் வேர்க்குமா, பாட்டி?" என்று ஒரு குழந்தை கேட்டால் அது அபசாரமான கேள்வி அன்று. அந்தத் தாராபாத்திரத்தைக் கட்டியவர் மனத்திலும் அதே கேள்விதான் இருந்திருக்கும்.

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் இதே காலத்தில்தான் வருகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கடல் கடந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். அந்தக் குறுகிய பொழுதுக்குள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு பெரியோருக்கு. அடுத்த ஆண்டு முழங்கால் இடம் கொடுக்குமோ, பிள்ளைகள்தாம் வருவார்களோ என்ற கவலை வேறு. ஆகவே விடியுமுன் ஒரு வேன் பேசி, ஒரே நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் சுற்றி வருகிறார்கள். மாலையில் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கி வழிகிறது. அதன் நினைவில் நிற்பவை வரிசை, சுடுகல், வேனின் புழுக்கம் ஆகியவையே. மறுநாள் இன்னொரு கோயில் என்றால் முகம் சுளிக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தியே இல்லை" என்று தாத்தா வருந்துகிறார்.

அந்த வருத்தம் நியாயமானதன்று. ஒன்பது தலங்களை ஒரே மூச்சில் தரிசிக்கப் பெரியவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது: வேண்டுதல், பரிகாரம், நெடுநாள் ஆசை. பத்து வயதுப் பிள்ளைக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. அதற்கு வேண்டியது பார்க்கவும் தொடவும் எண்ணவும் கேட்கவும் ஏதாவது ஒன்று, அதற்குப் போதிய நேரம். ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். கும்பகோணத்தில் தங்கியிருக்கும் குடும்பமாயின், அதைச் சுற்றியே ஒரு விடுமுறைக்கு வேண்டியவை நிறைந்து கிடக்கின்றன.

முதலில் சுவாமிமலை. அங்கே சந்நிதிக்கு ஏறும் 60 படிகள் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 தமிழ் ஆண்டுகளைக் குறிப்பன. தான் பிறந்த ஆண்டு எந்தப் படி என்று குழந்தை தேடட்டும். கணக்கு எளிது. 1987 சித்திரையில் பிரபவ ஆண்டு தொடங்கியது. அதை முதற்படியாகக் கொண்டு எண்ணினால், 2014 சித்திரையில் பிறந்த ஜய ஆண்டு 28-வது படி. சித்திரைக்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஒரு படி குறையும். இதில் ஒரு நுட்பம் உண்டு. 1954 சித்திரையில் தொடங்கியதும் ஜய ஆண்டுதான். அந்த ஆண்டில் பிறந்த தாத்தாவும், 60 ஆண்டு கழித்துப் பிறந்த பேரனும் ஒரே படியில் நிற்பார்கள். சஷ்டியப்த பூர்த்தி என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. மூச்சு வாங்கும் தாத்தாவுக்குத் தம் படியில் சற்று அமர ஒரு சாக்கும் கிடைக்கிறது.

அவ்வூரிலேயே பஞ்சலோகத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் உள்ளன. முன்கூட்டிக் கேட்டு, வேலைக்கு இடையூறின்றி நின்று பார்க்கலாம். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறிப்பது, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவது, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவது என்று ஒவ்வொன்றும் பிள்ளைகளைக் கண்கொட்டாமல் நிற்கச் செய்யும். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். ஆதலால் ஓர் அச்சுக்கு ஒரு மூர்த்திதான். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. கடையில் ஒன்றுபோல் ஆயிரம் பொம்மை பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது புதிய செய்தி.

தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், குதிரை பூட்டிய தேர் வடிவில் மண்டபம் உண்டு. ஒரே தலையை ஒரு பக்கம் மறைத்தால் யானையாகவும், மறுபக்கம் மறைத்தால் காளையாகவும் தோன்றும் சிற்பமும் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை முதலிலேயே காட்டிவிடக் கூடாது, பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஆனால் பாட்டிமாருக்கு உரிய இடம் வேறு. கருவறையைச் சுற்றி அறுபத்துமூவர் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசைப்பட்டு நிற்கின்றன. முதல் நாள் இரவே மொட்டை மாடியில், அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட கதையைச் சொல்லி வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அந்த முதலையைத் தேடிப் பிள்ளைகள் வலம் வருவார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை வருவார்கள். பிரதட்சிணம் செய் என்று எவரும் சொல்ல வேண்டியிராது.

ஒப்பிலியப்பன் சந்நிதியில் வேறொரு வேடிக்கை. பிரசாதத்தைக் கையில் கொடுத்து, என்ன குறைகிறது என்று கேட்டால் போதும். மார்க்கண்டேய மகரிஷி, உப்பிட்டுச் சமைக்கவும் அறியாத சிறுமி என்று தம் மகளைப் பற்றிச் சொன்னதும், உப்பில்லாமலே உண்பேன் என்று பெருமாள் வாக்களித்ததும் அதன்பின் தானாக வரும். உப்பில்லை என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிய பிள்ளைகளும் அங்கே மறுபடி கை நீட்டுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்க வேண்டும். 1010-ல் நிறைவெய்திய அந்த விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். கருங்கல்லே கிடைக்காத வண்டல் நாட்டில் தொலைவிலிருந்து கல் கொணர்ந்து எழுப்பியது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்லி வருகிறார்கள். குழந்தையையே பார்த்துவரச் சொல்லலாம். காலையிலும் மாலையிலும் நிழல் நன்றாகவே விழுகிறது. அதனால் இராசராசனின் பெருமை ஓர் அங்குலமும் குறையாது. இல்லாத அதிசயத்தைச் சொல்லிப் பின்னர் பிள்ளைகள் முன் தாத்தா தலைகுனிவதுதான் நேரும். உண்மையான அதிசயம் சுவரிலேயே இருக்கிறது. மன்னர் கொடுத்தவை மட்டுமன்றி, அவருடைய தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவையும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆடற்பெண்டிர் 400 பேரின் பெயர்கள் இருக்கின்றன. விளக்கேற்றுவோர், குயவர், சலவை செய்வோர், தையற்காரர், தச்சர் எனத் தொண்டு செய்தோர் பலரும் அதே கல்லில் இடம் பெற்றிருக்கிறார்கள். ட, ப போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு மிக அருகில் இருப்பதால், பள்ளிப் பிள்ளைகளே அவற்றை அடையாளம் காண முடியும். தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் வெளியூர்ப் பேத்தி, ஆயிரம் ஆண்டு எழுத்தொன்றைத் தானே படித்துவிட்டால் அன்று வீட்டில் பேச்சு வேறு எதைப் பற்றியும் இராது.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். காலையில் நடை திறக்கும்போதே சென்று, பத்து மணிக்குள் திரும்பிவிடுவது உத்தமம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள். தஞ்சையின் அகன்ற திறந்த முற்றத்தில் உச்சிவேளைக் கல் காலைப் பொசுக்கும். குழந்தைகள் துள்ளிக் குதித்து ஓடிவிடுவார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த பெரியவர்களுக்கோ கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நிழலோரமாக நடப்பதும், வீடு வந்ததும் பாதங்களை ஒரு முறை பார்த்துக்கொள்வதும் அவசியம். தண்ணீர்ப் பாத்திரம் கையில் இருக்கட்டும். வழியில் நுங்கு கிடைக்கும். சித்திரைத் திருவிழா நடக்கும் ஊர்களில் நீர்மோரும் பானகமும் பந்தல்தோறும் கிடைக்கும். நடுப்பகல் உறங்குவதற்கு.

மகாமகக் குளத்துக்கு மாலையில் போகலாம். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். நடுவில் தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். மகாமகம் 12 ஆண்டுக்கு ஒரு முறை; 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். தமக்கு அப்போது என்ன வயதாகும் என்று பிள்ளைகள் உடனே கணக்கிட்டுச் சொல்வார்கள். பின்பு தாத்தாவின் வயதையும் கூட்டிப் பார்த்து, "அப்ப நாங்க உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றோம், தாத்தா" என்பார்கள்.