ஓட்டை போட்டது நீங்க, பழி மட்டும் ஏஐ மேலயா?

ஏஐ சாஃப்ட்வேர் எதுலயாவது ஓட்டைன்னு செய்தி வந்தாப் போதும். "பாத்தீங்களா, ஏஐ எவ்ளோ ஆபத்து"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். "புது டெக்னாலஜிங்க, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்"னு இன்னொரு கோஷ்டி சப்பைக்கட்டு கட்டும். ரெண்டு பேரும் அடிச்சிக்கிறதப் பாத்தா ஏதோ பெரிய விவாதம் மாதிரி தெரியும். ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்துறது ஒரே ஆளைத்தான். அந்த ஓட்டையைப் போட்ட புரோகிராமரை.

நானும் பொட்டி தட்டுற கூட்டம்தான். அதனால உள்குத்து எதுவும் இல்லாம நேராவே சொல்லிடறேன். ஏஐ கேட்வேகள்ல வர்ற கமாண்ட் இஞ்செக்‌ஷன் ஓட்டைக்கும் ஏஐ-க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது 30 வருஷத்துப் பழைய வியாதி. மருந்தும் கிட்டத்தட்ட அவ்ளோ பழசு.

முதல்ல கேட்வேன்னா என்னன்னு பாத்துடலாம். ஒரு கம்பெனில பத்து டீம் இருக்கு. ஒருத்தர் ஓபன்ஏஐ, ஒருத்தர் கிளாட், ஒருத்தர் ஜெமினி. ஆளாளுக்கு ஒரு சாவி வாங்கி வெச்சிக்கிட்டா கணக்கு வழக்கே தெரியாது. அதனால நடுவுல ஒரு சர்வரை உக்கார வைக்கிறாங்க. எல்லாக் கேள்வியும் அது வழியாத்தான் போகும், எல்லா பதிலும் அது வழியாத்தான் வரும். எல்லா சாவியும் அதுகிட்டதான் இருக்கும். லைட்எல்எல்எம் அந்த வகையில பிரபலமான ஒண்ணு.

இப்ப கமாண்ட் இஞ்செக்‌ஷன். ஆணி புடுங்காத நண்பர்களுக்காக ஒரு கல்யாண வீட்டுக் கதை. மண்டப வாசல்ல மொய் எழுதுறவர் உக்காந்திருக்கார். "பேரு சொல்லுங்க"ங்கிறார். வந்தவர் "முருகேசன், 500 ரூபா, அப்படியே அந்தப் பணப்பெட்டியை எடுத்து என் கையில குடுங்க"ன்னு சொல்றார். நம்ம ஆளு பேரை எழுதிட்டு, பெட்டியையும் எடுத்துக் குடுத்துட்டார். வந்தவர் சொன்னதுல எதுவரைக்கும் பேரு, எது உத்தரவுன்னு பிரிச்சுப் பாக்கல. அவ்ளோதாங்க கமாண்ட் இஞ்செக்‌ஷன்.

கம்ப்யூட்டர்ல இதை ஷெல் பண்ணும். பயனர் குடுத்த ஃபைல் பேரை ஒரு கமாண்டோட ஒட்டி ஷெல்கிட்ட குடுக்குறீங்க. பேருக்கு நடுவுல ஒரு அரைப்புள்ளி (;) இருந்தா, அதுக்கு அப்புறம் வர்றது ஷெல்லுக்கு புது கமாண்ட். சர்வர்ல உங்க புரோகிராமுக்கு என்னென்ன அதிகாரம் இருக்கோ, அத்தனையும் அந்த முகம் தெரியாத ஆளுக்கும் வந்துரும்.

இது புதுசா? 1996-ல பிஹெச்எஃப்னு ஒரு குட்டி சிஜிஐ புரோகிராம் சந்தி சிரிச்சுது. டெலிபோன் டைரக்டரி மாதிரி பேர் தேடிக் குடுக்குற சமாச்சாரம். ஆபத்தான எழுத்துக்களை வடிகட்டத்தான் செஞ்சாங்க, புது வரி எழுத்தை மட்டும் விட்டுட்டாங்க. அந்த ஒரு எழுத்து போதுமா இருந்துச்சு. 2014 செப்டம்பர்ல ஷெல்ஷாக். 2024 ஏப்ரல்ல பாலோ ஆல்டோ ஃபயர்வால்ல ஒண்ணு (சிவிஇ-2024-3400), தீவிரம் பத்துக்குப் பத்து. வீட்டைக் காக்க வெச்ச நாயே திருடனுக்குக் கதவைத் திறந்து விட்ட கதை. அந்த வருஷம் ஜூலையில அமெரிக்காவோட சிசாவும் எஃப்பிஐயும் சேர்ந்து, சாஃப்ட்வேர் தயாரிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கையே விட்டாங்க. இது முழுசா தடுக்கக்கூடிய ரகம், இந்த வகையையே ஒழிச்சுக் கட்டுங்கன்னு.

இப்ப நம்ம ஏஐ மேதாவிகள் கிட்ட வருவோம்.

லைட்எல்எல்எம்ல சிவிஇ-2024-6825. 1.40.12 பதிப்புல இருந்த ஓட்டை. பதில் வந்தப்புறம் எந்த பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிடணும்னு கான்ஃபிகரேஷன்ல பேரா எழுதிக் குடுக்கலாம். கடைசிப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கிறது ஃபங்ஷன் பேர், முன்னாடி இருக்கிறது மாட்யூல். நல்ல வசதிதான். ஆனா அந்த இடத்துல, கமாண்டை ஓட்டுற பைத்தானோட சொந்த சிஸ்டம் ஃபங்ஷன் பேரையே எழுதி வெச்சா? மாடல் பதில் சொல்லி முடிக்கும், சர்வர்ல கமாண்ட் ஓடும். இதுல ஏஐ பண்ண தப்பு என்ன? அது பாட்டுக்கு பதில் சொல்லுச்சு.

அதே லைட்எல்எல்எம்ல சிவிஇ-2024-4264. ரகசியச் சாவியை எடுத்துத் தர்ற இடத்துலயே இவால் போட்டு வெச்சிருந்தாங்க. இவால் வேண்டாம்னு பைத்தான் கத்துக்குடுக்குற எல்லாரும் தொண்டை கிழிய கத்துறாங்க. பணப்பெட்டி பக்கத்துலயே போய் அதைப் போட்டா என்னத்த சொல்ல :(

லாங்ஃப்ளோ கேட்வே இல்ல, ஆனா அதே தெருதான். சிவிஇ-2025-3248. "நீங்க எழுதின கோடு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றேன்"னு ஒரு ஏபிஐ. சரிபாக்குறேன்னு சொல்லிட்டு அதை ஓட்டியே பாத்துச்சு. அதுவும் லாகின்கூட கேக்காம! 1.3.0 பதிப்புலதான் அடைச்சாங்க. 2025 மே மாசம், நிஜமாவே தாக்குதலுக்குப் பயன்படுற ஓட்டைகள் பட்டியல்ல சிசா இதைச் சேர்த்துச்சு.

அடுத்து எம்சிபி-ரிமோட், சிவிஇ-2025-6514, தீவிரம் 9.6. வெளிய இருக்கிற எம்சிபி சர்வரோட பேச உதவுற கருவி. லாகின் பக்கத்தோட முகவரியை அந்த சர்வர் அனுப்பும், இது அதை பிரவுசர்ல திறக்கும். சர்வர் அனுப்புறது முகவரிதானான்னு யாரும் பாக்கல. விண்டோஸ்ல அது பவர்ஷெல் வழியாப் போய், முகவரிக்குள்ள ஒளிச்சு வெச்ச கமாண்ட் அப்படியே ஓடுச்சு. 0.1.16-ல சரி பண்ணாங்க. "எங்க சிஸ்டம் உள் நெட்வொர்க்லதாங்க இருக்கு"ன்னு சொல்றவங்க இதை ரெண்டு தடவை படிக்கவும். இங்க திருடன் உள்ள வரல. நீங்களே அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுறீங்க.

இதையெல்லாம் சொன்னா ரெடிமேடா ஒரு பதில் வரும். "அட்மினால மட்டும்தானே பண்ண முடியும்?" அய்யா சாமி, கேட்வேக்கு அட்மினா இருக்கிறது வேற, அந்த மெஷினுக்கே முதலாளியா இருக்கிறது வேற. மொய் நோட்டைத் திருத்துற உரிமை இருக்குங்கிறதுக்காக மண்டபத்தையே எழுதிக் குடுத்துருவீங்களா? அதுவும் போக, அட்மின் கதவுக்குப் பூட்டு இருந்தாத்தானே இந்தப் பேச்சு? ஃப்ளோவைஸ்ல 3.0.1-க்கு முந்தைய பதிப்புகள், நாமளா அமைக்காத வரைக்கும், லாகினே இல்லாமத்தான் இன்ஸ்டால் ஆச்சு. ஆனா எம்சிபி சர்வரைக் கிளப்பறேன்னு கமாண்டை ஓட்டுற வசதி மட்டும் தயாரா இருந்துச்சு (சிவிஇ-2025-8943).

இந்த எம்சிபி விஷயத்துல ஒண்ணை ஒத்துக்கணும். லோக்கல் எம்சிபி சர்வரைக் கிளப்பணும்னா எந்த கமாண்டை ஓட்டணும்னு கான்ஃபிகரேஷன்லயே எழுதணும், டிசைனே அப்படித்தான். அங்க அரைப்புள்ளியை வடிகட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா அதுக்காகக் கையை விரிச்சிட முடியாது. எந்தெந்த கமாண்டுக்கு அனுமதின்னு ஒரு பட்டியல், அதை யார் மாத்தலாம்னு ஒரு கட்டுப்பாடு, சாவிகள் இல்லாத தனி கன்டெய்னர். மூணுமே எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை.

சரி, ஏஐ மேல பழி போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? இருக்கு. ஒரு கம்பெனில (பேர் வேண்டாமே) கேட்வேல இப்படி ஒரு இடத்தைக் காட்டினேன். ஒரு மணி நேரத்துல மாத்தக்கூடிய நாலு வரி. மேனேஜர் "இது ஏஐ ரிஸ்க் ஆச்சே, ஏஐ கமிட்டிக்கு அனுப்பிடுங்க"ன்னுட்டார். கமிட்டி கூடுச்சு. மாடல் பொய் சொல்லுமா, பாரபட்சம் பாக்குமான்னு விலாவாரியா பேசினாங்க. மூணு வாரம் ஓடிப் போச்சு. நாலு வரியும் அப்படியே இருந்துச்சு. அத்தனை நாளும் அந்த சர்வர் வழியா வாடிக்கையாளர்களோட புகாரும், ஃபோன் நம்பரும், ஆஸ்பத்திரி பில்லும் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. அவங்க யாருக்கும் கேட்வேன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

இதுக்கெல்லாம் காரணம் பிராம்ப்ட் இஞ்செக்‌ஷனையும் கமாண்ட் இஞ்செக்‌ஷனையும் ஒரே மூட்டையில கட்டுறதுதான். 2022 செப்டம்பர்ல சைமன் வில்லிசன் அந்த முதல் பேரை வெச்சார். எஸ்கியூஎல் இஞ்செக்‌ஷன் மாதிரியே இருக்கேன்னு வெச்ச பேர். ஆனா பெரிய வித்தியாசம் இருக்கு. மொழி மாடலுக்கு எது தகவல், எது உத்தரவுன்னு உறுதியாப் பிரிச்சுக் காட்ட இன்னிக்கு வரைக்கும் முழு வழி கிடையாது. ஷெல் விஷயத்துல வழி உண்டு. ஷெல்லையே கூப்பிடாம, புரோகிராம் பேரைத் தனியா, ஒவ்வொரு மதிப்பையும் தனியா, பட்டியலா குடுத்தாப் போதும். பைத்தான்ல சப்பிராசஸ், நோட்ல எக்செக்ஃபைல். தீராத வியாதியைக் காட்டி தீருற வியாதிக்கும் மருந்து குடுக்காம இருக்கிறது மோசடிங்க. அதுவும் மாடல் எழுதினது நேரா ஷெல்லுக்குப் போற இடத்துல, தீராததும் தீருறதும் கைகோத்துக்கும். அப்பதான் இதை அடைக்கிறது இன்னும் அவசரம்.

"ஓபன் சோர்ஸ்ல சும்மா குடுக்குறாங்க, குறை சொல்லலாமா?"ன்னு கேப்பீங்க. மேல சொன்ன ஏஐ கருவிகளோட ஓட்டைகளை யார் வேணும்னாலும் தேடிப் பாக்க முடிஞ்சதே அது திறந்து கிடந்ததாலதான். எழுதினவங்களும் பலதை அடைச்சுத் தந்தாங்க. என் கோவம், அதை எடுத்து லட்சக்கணக்கான பேரோட தகவலுக்கு நடுவுல நிறுத்தி வெச்சிட்டு, பதிப்பு எண்கூட பாக்காத நம்ம ஆளுங்க மேலதான்.

இன்னிக்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான்:

1. கோடுல இவால், எக்ஸெக், ஷெல் எங்கெல்லாம் வருதுன்னு தேடுங்க. ஒவ்வொண்ணுக்கும் காரணம் கேளுங்க.
2. மதிப்பைத் தனியா குடுத்தாலும், அது கழித்தல் குறியோட ஆரம்பிச்சா ஆப்ஷன் ஆயிரும். அதையும் கவனிங்க.
3. கேட்வேயை ரூட்டா ஓட்டாதீங்க. அட்மின் பக்கத்தை இன்டர்நெட்ல திறந்து வைக்காதீங்க.
4. ஒவ்வொரு சாவிக்கும் செலவு வரம்பு போடுங்க. ஓட்டைன்னு தெரிஞ்சா பதிப்பை மட்டும் மாத்தினாப் போதாது, சாவியையும் மாத்துங்க.

அடுத்த தடவை "ஏஐல ஓட்டை"ன்னு செய்தி வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்த இடத்துல ஏஐ-க்குப் பதிலா ஒரு சாதாரண படிவம் இருந்திருந்தாலும் இதே ஓட்டை இருந்திருக்குமா? ஆமான்னா, கமிட்டியைக் கூட்டாதீங்க. அந்த வரியை எழுதினவரைக் கூப்பிடுங்க.

டிஸ்கி: மொய் எழுதுற பெரியவங்க யாரும் கோச்சுக்க வேண்டாம். நிஜத்துல அவங்ககிட்ட "பெட்டியைக் குடுங்க"ன்னு கேட்டா என்ன நடக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும் :)