நிறம் மாறாத தெரு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் உறவினர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "தம்பி, நீ சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாய். இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம், சொல்லேன்." ரயில் டிக்கெட் எடுப்பது, மின் கட்டணம் கட்டுவது, பாட்டுக் கேட்பது எல்லாம் ஒரு வாரத்தில் அவர்களுக்கே பழகிவிடும். அதனால் நான் வேறு ஒரு பதில் சொல்வேன். "உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் எங்கே, எப்போது, எவ்வளவு நிற்கிறது என்று இதில் எழுதி வையுங்கள்" என்பேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நீங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மொட்டை மாடியில் இரண்டு இரவுகள்

2015 டிசம்பரில் நான் இன்ஜினியரிங் முதல் ஆண்டு மாணவன். எங்கள் வீடு சென்னையின் தென் புறநகரில், அடையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டதாக அரசுக் கணக்கு சொன்னது. அன்று இரவு தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்பா அரிசி மூட்டையைத் தூக்கினார். அம்மா பத்திரங்கள் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டார். நான் ஒன்றும் எடுக்கவில்லை. மேஜைக்குக் கீழே தரையில் இருந்த கம்ப்யூட்டரின் சி.பி.யு. பெட்டி மொட்டை மாடிக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அக்காவின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதோடு போயின. பேக்கப் எடுத்து வைக்காத முட்டாள்தனத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் இன்டர்நெட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடத்தை வைத்து, ஆர்வலர்கள் சென்னைக்கு ஒரு வெள்ள வரைபடம் தயாரித்திருந்தார்கள். தண்ணீர் நிற்கும் தெருவின் மேல் கிளிக் செய்தால் அந்தத் தெரு நிறம் மாறும். பொதுமக்கள் கிளிக் செய்து கிளிக் செய்தே ஏராளமான தெருக்களைக் குறித்துவிட்டார்கள்.

பெங்களூரில் இருந்த என் பள்ளி நண்பனும் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு வாரம் கழித்துப் போனில் பேசியபோது சொன்னான். "உங்க தெரு நிறம் மாறவே இல்லடா. அதனால நீங்க தப்பிச்சிட்டீங்கன்னு நினைச்சேன். படகு வச்சிருந்தவங்களுக்கும் வேற தெருவைத்தான் சொன்னேன்."

எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. செல்போன் டவர் வேலை செய்யவில்லை. பிறகு யார் கிளிக் செய்வது? பக்கத்து வீட்டுப் பாட்டி சர்க்கரை நோயாளி. மருந்து தண்ணீரில் போய்விட்டது. எங்களோடு இரண்டு இரவுகள் மாடியில் இருந்தார். மூன்றாம் நாள்தான் படகு வந்தது. பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் அவரைப் படகில் இறக்கிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பூஜ்யமும் காலி இடமும்

நான் அந்த வரைபடத்தைக் குறை சொல்லவில்லை. சில நாட்களில் அப்படி ஒன்றைச் செய்து முடித்தது பெரிய சாதனை. தவறு, நாம் அதைப் படித்த விதத்தில் இருந்தது. "தகவல் வரவில்லை" என்பதை "தண்ணீர் இல்லை" என்று படித்துவிட்டோம்.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம். எக்செல்லைத் திறந்து மூன்று கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் 80, 70 என்று டைப் செய்து, மூன்றாவதைக் காலியாக விடுங்கள். மூன்றுக்கும் சராசரி கேட்டால் 75 என்று வரும். இப்போது மூன்றாவது கட்டத்தில் 0 என்று டைப் செய்யுங்கள். சராசரி 50 ஆகிவிடும். காலி இடம் வேறு, பூஜ்யம் வேறு என்று கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. வரைபடத்தைப் பார்க்கும் மனிதர்களுக்குத்தான் அது மறந்துபோகிறது.

இன்றைக்குப் பல நகரங்கள் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க டிஜிட்டல் முறையில் திட்டமிட ஆரம்பித்திருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அந்தத் திட்டங்களில் எந்தத் தெரு காலி இடமாக இருக்கிறது என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் அது போன் இல்லாதவர்கள், ஆற்றங்கரையில் குடிசை போட்டவர்கள், வயதானவர்கள் இருக்கும் தெருவாகத்தான் இருக்கும்.

நகரம் எப்படிக் கணக்குப் போடுகிறது?

இதற்குப் பயன்படும் சாப்ட்வேரை ஜி.ஐ.எஸ். என்பார்கள். பழைய நாளில் ஆசிரியர்கள் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பார்களே, அதே முறைதான். ஒரு தாளில் நிலத்தின் உயரம். அடுத்ததில் ஆறு, கால்வாய், மழைநீர் வடிகால். அதற்கு மேல் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் அடுக்கி, "இவ்வளவு மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்க வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற சாப்ட்வேர் இந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

முதல் தாளிலேயே சிக்கல் தொடங்குகிறது. 2000-ம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்த டேட்டாவை யாரும் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர் நிலம். உயரத்தில் சில மீட்டர் பிழை சாதாரணம். வீட்டுக் கூரையையும் மர உச்சியையும்கூடத் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கும். இமயமலைக்கு அது போதும். சென்னை தட்டையான ஊர். இங்கே வீட்டுக்குள் தண்ணீர் வருமா, வாசலோடு நிற்குமா என்பதை முடிவு செய்வது அரை மீட்டர்தான். அதனால்தான் விமானத்திலிருந்து லேசர் கதிர் மூலம் நுணுக்கமாக அளக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. சென்னைக்கு சி-ஃபுளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-லும், மும்பைக்கு ஐஃபுளோஸ் என்ற அமைப்பு 2020 ஜூனிலும் வந்தன. வானிலைக் கணிப்பு, ஆற்றில் வரும் நீர், கடல் மட்டம் எல்லாவற்றையும் சேர்த்து, எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்கிடுபவை இவை. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் வடியாது என்பதுகூடக் கணக்கில் வருகிறது.

ஓர் இன்ஜினியராக எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் போன மாதம் போட்ட தார் ரோடு அரை அடி உயர்ந்து, பழைய வீடுகள் எல்லாம் பள்ளத்தில் ஆகிவிட்டதை சாட்டிலைட் பார்க்காது. சிறுபாலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் அடைத்திருப்பதும் அதற்குத் தெரியாது. அது தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததை அந்தக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக வழி வேண்டும்.

இரண்டு ஊர்கள் காட்டிய வழி

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2014 டிசம்பரில் பெட்டா ஜகார்த்தா என்ற வரைபடம் தொடங்கியது. யாராவது ட்விட்டரில் "பஞ்சிர்", அதாவது வெள்ளம், என்று எழுதினால் போதுமாக இருந்தது. கம்ப்யூட்டரே அவருக்குப் பதில் அனுப்பி, "எங்கே இருக்கிறீர்கள்? இடத்தோடு உறுதி செய்யுங்கள்" என்று கேட்டது. உறுதி செய்த தகவல் மட்டும் வரைபடத்தில் ஏறியது. நகரப் பேரிடர் மேலாண்மைத் துறையும் அதே வரைபடத்தைப் பார்த்து, வெள்ளத்தின் உயரத்தைக் குறித்தது. மக்களும் அரசும் பார்த்தது ஒரே வரைபடம். இதுதான் முக்கியம்.

டான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரத்தில் 2015-ல் ரமானி ஹுரியா என்ற திட்டம் வந்தது. ஸ்வாஹிலி மொழியில் "திறந்த வரைபடம்" என்று பொருள். கல்லூரி மாணவர்களும் அந்தந்தப் பகுதி மக்களும் சந்து சந்தாக நடந்து, சாக்கடை, வீடு, பாதை எல்லாவற்றையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றினார்கள். முன்பு வந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கேயே வசிப்பவர்களிடம் கேட்டுக் குறித்தார்கள். எந்தக் குடிசைப் பகுதியும் காலி இடமாக இருக்கக் கூடாது என்று வீதியில் இறங்கினார்கள். எனக்கு இந்த ஊர்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

"இது வேண்டாத வேலை"

இதைச் சொன்னால் மூன்று ஆட்சேபங்கள் வருகின்றன. "பொதுமக்கள் தப்பும் தவறுமாகக் குறிப்பார்கள்." உண்மைதான். அதற்குத்தான் ஜகார்த்தாவில் உறுதி செய்யும் முறை வைத்தார்கள். பத்துப் பேர் குறித்த தெருவும் ஒருவர் குறித்த தெருவும் ஒன்றல்ல.

"எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தால் மனை விலை இறங்கிவிடும்." இதை என் சித்தப்பாவே சொன்னார். நான் கேட்டேன், "சித்தப்பா, நீங்கள் அந்த மனையை வாங்கும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பீர்களா?" அவர் பதில் சொல்லவில்லை. நேற்று நம்மிடம் மறைத்ததை நாளை இன்னொருவரிடம் நாம் மறைப்பது நியாயமா?

மூன்றாவது, "இது அதிகாரிகளின் வேலை." ஆமாம், அவர்கள் வேலைதான். அவர்கள் செய்யட்டும். வெள்ளக் கணக்கின் முடிவு நம் தெருப் பெயரோடு, தமிழில், மழைக்கு முன்பே, எல்லோர் கைக்கும் வர வேண்டும் என்று நாம் உரிமையோடு கேட்கலாம். ஆனால் நம் கையில் ஒரு தாளும் இல்லாமல் கேட்பதற்கும், ஐந்து வருடக் கணக்கோடு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் தெருவின் பைல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெரு மறுபடியும் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு ஓர் எக்செல் பைல் தயாரித்தேன். ஐந்தே காலம்கள். தேதி, தண்ணீர் வந்த நேரம், வீட்டு எண், உயரம், எந்தப் பக்கமிருந்து வந்தது. உயரத்துக்கு ஸ்கேல் எதுவும் வேண்டாம். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்றாலே போதும்.

நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். ஆறுதான் தெருவுக்குள் வருகிறது என்று எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால் ஆற்றுப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் கடைசியாகத்தான் வந்திருந்தது. முதலில் வந்தது கோயில் அருகே உள்ள சிறுபாலத்தின் பக்கமிருந்து. பிரிண்ட் எடுத்துப் போய்ப் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்தோம். வந்திருந்த பொறியாளர் முதலில் அசுவாரசியமாகத்தான் புரட்டினார். நேரம் என்ற காலத்தைப் பார்த்ததும் நிறுத்தி, "இதை எனக்கு மெயில் பண்ணுங்க தம்பி" என்றார். அடுத்த பருவமழைக்கு முன்பு அந்தச் சிறுபாலத்தைத் தூர் வாரினார்கள்.

2024 அக்டோபர் மழையில் தண்ணீர் கணுக்கால் வரை வந்து, மாலைக்குள் வடிந்தது. எங்கள் பைல்தான் காரணம் என்று மார் தட்ட மாட்டேன். எங்கள் பகுதியில் அந்த மழை 2023 மழை அளவுக்கு இல்லை. ஆனால் இன்று எங்கள் தெரு யாருடைய கணக்கிலும் காலிக் கட்டம் இல்லை.

உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் இன்றைக்கே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைத் திறந்து உங்கள் தெரு இருக்கிறதா, பெயர் தமிழில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கணக்குத் தொடங்கி நீங்களே சேர்க்கலாம். பிறகு அந்த ஐந்து காலம் பைல். கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளுக்கு முதலில் போய்க் கேளுங்கள். பைலின் இன்னொரு காப்பியைப் பென் டிரைவில் போட்டு உயரமான அலமாரியில் வையுங்கள். சி.பி.யு. பெட்டியையும் தரையிலிருந்து தூக்கி மேலே வைத்துவிடுங்கள். அக்கா இன்னும் அந்தக் கல்யாணப் படங்களைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.