கேட்டால்தான் சொல்வீர்களா?

'சிகிச்சையின் பின்விளைவுகளைப் பேசினால் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் மிரண்டுவிடுவார்கள். கேட்டால் சொன்னால் போதும்' என்கிறார் ஒரு மருத்துவர். தெரியாததை எப்படிக் கேட்பது? மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குப் பல ஆண்டு கழித்தும் கை வீங்கலாம். என் அத்தைக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. வளையல் ஏறவில்லை, சதை போட்டுவிட்டதென்று நினைத்து ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டார்! தொடக்கத்திலேயே கவனித்திருந்தால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம்.

டாக்ஸோரூபிசின், கீமோவில் ஏற்றப்படும் அந்தச் சிவப்பு மருந்து, பல ஆண்டு கழித்தும் இதயத்தைத் தளர்த்தலாம். மூச்சு வாங்கினால் வயசாகிவிட்டது என்றுதானே நினைப்பார்கள்?

சிகிச்சை முடித்த ஒவ்வொருவருக்கும் பின்கவனிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2005இலேயே பரிந்துரைத்தது. அத்தை கையில் இருப்பது ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரி. ஆறு கீமோவைத் தாங்கியவர், தமிழில் ஒரு தாளைக் கண்டா மிரளப்போகிறார்?