முதலில் நிற்கட்டும், அப்புறம் பறக்கட்டும்

ஹொசகோட்டேயில் ஏறினால் பேத்தமங்கலா வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சிக்னல் இல்லை, மாட்டு வண்டி இல்லை, குறுக்கே ஓடும் நாய்கூட அபூர்வம். பெங்களூரு-சென்னை எக்ஸ்பிரஸ் சாலையின் கர்நாடகப் பகுதி 2024 கடைசியில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டதிலிருந்து, கோலார் தங்கவயலுக்கு வாசலிலேயே ஒரு விமான ஓடுதளம் கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. சட்டப்படி காருக்கு உச்சவரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர். வரம்பு பலகையில் இருக்கிறது. ஆசை வலது காலில் இருக்கிறது.

மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது முப்பதைத் தொடுகிறது. சேமிப்பில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் வாங்கியிருக்கிறார். நிறுத்த ஷெட் கிடையாது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய 'லைன்' வீடுகளின் முன்னால், வேப்பமர நிழலில் நிற்கிறது வண்டி. ஞாயிற்றுக்கிழமையானால் பானெட் திறக்கும். தெரு கூடும். ஆளுக்கொரு யோசனை.

எஸ்டீமைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. 1994-ல் வந்து 2007 வரை தயாரான வண்டி. 1999-ல் கார்பரேட்டரைத் தூக்கிவிட்டு எம்.பி.எஃப்.ஐ. பொருத்தியபோது, அந்த 1298 சி.சி., 16 வால்வ் இன்ஜின் 85 குதிரைத்திறன் கொடுத்தது. வண்டியின் எடையோ 900 கிலோவுக்குள். இன்றைய கணக்கில் 85 என்பது பெரிய எண் அல்ல. ஆனால் இன்றைய கார்கள் சுமக்கும் கொழுப்பு அதனிடம் இல்லை. தொண்ணூறுகளின் ராலிகளில் எஸ்டீம்கள் புழுதி கிளப்பியது சும்மா அல்ல. உதிரி பாகமும் கிடைக்கும். பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

அதுவும் தங்கவயலில். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டாலும், ஃபிட்டர், டர்னர், வெல்டர் வேலை தெரிந்த கைகளை இந்த ஊர் மூடிவிடவில்லை. இங்கே இயங்கும் பெமல் ஆலையில் மண்வாரி இயந்திரங்களைக் கட்டிப் பழகியவர்கள் தெருவுக்கு ஒருவராவது உண்டு. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ லேத் பட்டறையில் ஒரு புஷ் கடைந்து வாங்குவது, பெருநகரத்தில் அதே வேலைக்கு ஆள் தேடுவதைவிட எளிது.

ஆக, ஆளும் உண்டு, கருவியும் உண்டு. கோளாறு வேலையின் வரிசையில்தான்.

முதல் சம்பளத்தில் வாங்கும் சாமான் பெரும்பாலும் சைலன்சர். அடுத்தது பானெட்டுக்குள் கூம்பு வடிவத்தில் ஒரு ஏர் ஃபில்டர். மூன்றாவது ஸ்டிக்கர், எடை குறைவு என்பதே அதன் ஒரே நன்மை. சத்தம் இரண்டு மடங்கானதும் வண்டி இரண்டு மடங்கு வேகமாகப் போவதாகக் காது சொல்லும். ஸ்டாப் வாட்ச் ஒத்துக்கொள்ளாது. இன்ஜினுக்குள் போகும் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், எரிந்த புகை வெளியேறும் வழி - மூன்றும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். ஒன்றை மட்டும் அகலப்படுத்தினால் மற்ற இரண்டும் முரண்டுபிடிக்கும். கூம்பு ஃபில்டர் இன்ஜினின் சூட்டையே உறிஞ்சிக் குடித்தால் உள்ளதும் குறையும், ஏனென்றால் சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி கம்மி.

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் ஹெட்டைச் சீவக் கொடுப்பார்கள். கம்ப்ரஷன் ஏறும், உதை கூடும். கூடவே நாக்கிங்கும் வரும்: பெட்ரோல் தன் முறைக்குக் காத்திராமல் முந்திக்கொண்டு வெடித்து பிஸ்டனைச் சுத்தியால் அடிப்பது. பிஸ்டனில் ஓட்டை விழும்வரை அந்த 'டக டக' சத்தத்தை ரேஸ் கார் சத்தம் என்று ரசித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இன்னும் துணிந்தவர்கள் 1999-ல் வந்த பழைய பலேனோ செடானின் 1590 சி.சி. இன்ஜினையே தூக்கி வந்து எஸ்டீமுக்குள் இறக்கிவிடுகிறார்கள். ஒரே குடும்பத்து இன்ஜின். பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவும் நடக்கும்போது பின்சக்கரங்களில் இருப்பது என்ன? கம்பெனி பொருத்திய அதே டிரம் பிரேக். வயது இருபதுக்கு மேல்.

இந்த இடத்தில் தங்கவயல்காரர்களுக்கு ஒரு பாடம் ஊரிலேயே இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3000 மீட்டருக்கும் கீழே போனது. ஆட்களை இறக்கி ஏற்றிய கேஜ், இரும்புக் கயிற்றில் தொங்கியது. மேலே வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்றவர். அந்த இயந்திரத்தில் எத்தனை குதிரைத்திறன் என்பது இரண்டாவது கேள்வி. பிரேக் பிடிக்குமா, வேகம் மீறினால் தானாக நிற்குமா, கேஜ் உச்சியைத் தாண்டி இழுபடாமல் தடுக்க ஏற்பாடு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. கல்லை ஏற்றும் வேகத்தில் ஆளை ஏற்றமாட்டார்கள். அப்பனும் பாட்டனும் அந்தக் கேஜில் தினமும் உயிரோடு ஏறி வந்ததற்கு இந்த வரிசைதான் காரணம். பேரன் எஸ்டீமில் அதைத் தலைகீழாக்குகிறார்.

கணக்கு சுலபம். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 60-ல் ஓடும் வண்டியை நிறுத்துவதுபோல் 120-ல் நான்கு பங்கு வேலை. அத்தனையும் சூடாக மாறி டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. ஒருமுறை நிற்கும். சூடு தணியுமுன் இரண்டாம் முறை அழுத்தினால் பிடிப்பு தளரும். மூன்றாம் முறை பெடல் பஞ்சாக உள்ளே போகலாம். காரணம் பல வண்டிகளில் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். கொதித்தால் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை அழுத்தினால் ஆவிதான் அமுங்குமே தவிர சக்கரம் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றாதவர்களே அதிகம்.

ஆகவே எஸ்டீம்காரரின் முதல் ஆறு மாதச் செலவு, யாரும் பார்த்து வியக்காத இடங்களில் போக வேண்டியது. புதிய பிரேக் ஹோஸ். பழைய ரப்பர் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். நல்ல பேட், கடைந்து சீராக்கிய அல்லது புதிய டிஸ்க், பின்னால் கசியாத வீல் சிலிண்டர். பிறகு டயர். பூ எவ்வளவு மீதி என்று பார்ப்பவர்கள் பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்கத்தைப் பார்ப்பதில்லை: 1519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 15-வது வாரத்தில் பிறந்த டயர். பூ தேயாமலே ரப்பர் கிழமாகிவிடும். அதன்பின் ஷாக் அப்சார்பர், புஷ்கள், ரேடியேட்டர். இவ்வளவையும் புதுப்பித்த எஸ்டீம், ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாமலே, தெருமுனை வளைவில் வேறு வண்டியாக நடந்துகொள்ளும். இந்த மாற்றத்தை வெளியே காட்ட முடியாது என்பதுதான் வருத்தம்.

வண்டியைத் தாழ்த்திக் காட்ட ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டி எறிவதும் நடக்கிறது. வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் கழன்று சாயலாம். காசு மிச்சம், வளைவில் உயிர் பாக்கி.

வீட்டு வாசலில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து வண்டிக்கு அடியில். ஜாக்கியில் தூக்கிவிட்டு அப்படியே அடியில் நுழைவது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்க இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். அதற்குத் துணையாகக் கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைக்கலாம். செங்கல் உதவாது, ஹாலோ பிளாக் கூடவே கூடாது, திடீரென நொறுங்கும். சுரங்கத்தின் 'ஏர் பிளாஸ்ட்'டில் பாறை வெடித்து விழுந்து ஆட்களைப் பறிகொடுத்த ஊர் இது. முட்டு கொடுக்காத கூரைக்கடியில் நிற்கக்கூடாது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 900 கிலோ எஸ்டீமும் கூரைதான்.

இப்படியெல்லாம் கட்டுப்பாடு பேசினால் இந்தப் பொழுதுபோக்கில் என்ன சுவை என்று கேட்கலாம். சுவை இருந்தது, அதுவும் எஸ்டீம் பிறக்கும் முன்பே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களுக்கு வந்தவற்றில் கணிசமானவை ஃபியட்டும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும். இறக்குமதிக்கு ஆயிரம் தடை இருந்த நாட்கள். வேண்டிய பாகம் கடையில் கிடைக்காது, லேத்தில் பிறக்க வேண்டும். சீட்டைக் கழற்றி எடை குறைத்து, போர்ட்டை அரம்கொண்டு ராவி, ஷெட்டில் கண்விழித்துச் செய்த வண்டிகள் அவை. 1990-ல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்துக்கொண்டு அங்கே போய்விட்டது.

கோவையின் எஸ். கரிவரதன் இந்த மரபின் உச்சம். மில் குடும்பத்துப் பிள்ளை. பணம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அவர் செய்தது வெளிநாட்டு ரேஸ் காரை வரவழைத்துப் பெருமையடித்ததல்ல. பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டிருந்த மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி, கட்டுபடியாகும் செலவில். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-லேயே சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை அருகே செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கவனிக்க வேண்டியது, இவர்கள் சீறியதெல்லாம் வேலி போட்ட தடத்தில். எதிரே டிராக்டர் வராது. ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னே போகும் லாரி எப்போது தடம் மாறும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாத சமயங்கள் உண்டு.

சட்டமும் இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. புத்தக விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே வகை இன்ஜினைப் பொருத்தவே ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி வேண்டும், 1298 சி.சி. என்று எழுதிய புத்தகத்தோடு 1590 சி.சி. இன்ஜின் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. இதைவிடப் பெரிய அடி இன்ஷூரன்ஸில். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பின் வெளிவந்தால் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. அடிபட்டவருக்கான நஷ்ட ஈட்டுச் சுமை கடைசியில் லைன் வீட்டுக்காரர் தலையில் வந்து விழலாம். 85-ஐ 94 ஆக்கிய பலேனோ இன்ஜினுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான விலை.

பழைய வண்டிக்குப் புதிய தலைவலியும் சேர்ந்திருக்கிறது. பங்கில் ஊற்றும் பெட்ரோலில் இப்போது 20 சதம் எத்தனால். எஸ்டீம் அதற்காகச் செய்த வண்டி அல்ல. பழைய ரப்பர் ஹோஸ், சீல், கேஸ்கெட் ஆகியவற்றை எத்தனால் மெல்ல அரிக்கும். பிரேக் முடிந்த கையோடு பெட்ரோல் லைனையும் அதைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிவது எந்தத் தெருவுக்கும் நல்லதல்ல.

ஆயிலை மாற்றிய பிறகு பிரேக்கில் காற்று எடுப்பது ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் ஸ்பானரோடு நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "மிதிண்ணே." "மிதிச்சாச்சு." "விட்டுடாதீங்க... ம், இப்ப விடுங்க." மிதிப்பவர் ஒரு கணம் முந்தி விட்டால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. சுரங்கத்தில் இதற்கு மணி இருந்தது. ஓடும்போது ஒரு மணி அடித்தால் நில் என்று அர்த்தம். ஓய்வு பெற்ற யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ட்யூப் வழியே வரும் ஆயிலில் குமிழி நிற்கும்வரை எழுந்திருக்கமாட்டார், அடுத்தவரையும் எழுந்திருக்க விடமாட்டார். பின் இடது சக்கரத்தில் நேரம் பிடிக்கும்.