படமும் புட்டியும் தர்மமும்

பால்மரத் தோழர்களே! கிராணிமாரே!

அரச குடும்பத்தாரின் உருவப்படத்தை வரைவித்து, அரிய விஸ்கியோடு ஜோடி சேர்த்து விற்றுத் தர்மம் செய்கிறார்களாம் கனவான்கள். படமோ விழாவோ, புட்டியின் விலையை ஏற்றுவது ராஜமுகம்தான்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் நாம் இதையும் கணக்குப் பார்த்தோம். 2012-ல் எலிசபெத் ராணியாரின் வைரவிழாவுக்கு ஜானி வாக்கர் கம்பெனி, 1952-ல் வடித்த விஸ்கியில் 60 புட்டிகள் செய்தது. ஒன்று 1 லட்சம் பவுன். லாபம், கைவினைஞருக்குப் படிப்புதவி தரும் ராணியார் பெயரிலான அறநிதிக்கு. அன்றைய நம் வெள்ளியில் புட்டி ஏறக்குறைய 5 லட்சம். 2013-ல் தீபகற்பத்தில் அமலான குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 900 வெள்ளி. கொழுந்து பறித்தாலும் மரம் சீவினாலும் ஒரு புட்டிக்கு 46 ஆண்டு!

படிப்புதவி பெற்றவர் நன்றாயிருக்கட்டும். அவர்மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் இந்த வித்தை நமக்குப் புதிதா? வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடை லாபமும் தொழிலாளர் நலநிதி என்றுதான் போயிற்று. பாட்டன் குடித்த காசில் பேரனுக்குத் தர்மம்!

1941-ல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் நம்மவர், நலநிதியைப் பெருக்கு என்றா கேட்டார்கள்? கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றும் சொன்னார்கள்.