காரியாலயமும் கணினி ஒத்திகையும்

வர்த்தகக் கல்வி பயிலும் நம் மாணவர் பலர் இந்நாளில் அலுவல் நெறிகளைக் கணினித் திரையில் படமாக வரைந்து, அப்படத்தையே ஓடவிட்டு ஒத்திகை பார்க்கும் மென்பொருள்களைக் கையாளக் கற்றுவருகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவர்கள் கற்பது பெரும்பாலும் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றது. படம் அழகாயிருக்கும், ஓடவும் செய்யும், ஆனால் அது எந்தக் காரியாலயத்தின் படம் என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. இக்குறை கருவியினுடையதன்று, கருவியைக் கையிலெடுக்குமுன் செய்யவேண்டிய ஒன்றைச் செய்யாமையால் விளைவது. அதுபற்றி நாம் கொண்டுள்ள அபிப்பிராயத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இக்கருவி இன்னதென்பதை, அறியாதார் பொருட்டு முதலிற் சுருங்கக் கூறுவாம். வேலை செல்லும் வழியைப் படமாக வரைதல் புதிய கலையன்று. பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்னும் தம்பதிகள் 1921-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கத்தின்முன் இத்தகைய படங்களை வெளியிட்டு விளக்கினர். கணவர் இளமையிற் செங்கல் அடுக்கும் கொத்தனாராய் வேலை தொடங்கியவர். மனைவியார் மனத்தத்துவ நூல் வல்லவர். கையை அறிந்தவரும் மனத்தை அறிந்தவரும் சேர்ந்து தொடங்கிய கலை இது என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும். இப்போது வழங்கும் பி.பி.எம்.என். என்னும் பொதுக் குறியீட்டு முறை 2004-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2011-இல் இரண்டாம் பதிப்பாகத் திருத்தப்பெற்று, 2013-இல் சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனத்தாலும் ஏற்கப்பட்டது. மெல்லிய வட்டம் தொடக்கத்தையும், தடித்த வட்டம் முடிவையும், முனை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலையையும், சாய்சதுரம் வழி பிரியும் இடத்தையும் குறிக்கும். ஒவ்வொருவரும் செய்யும் வேலை அவரவர்க்குரிய தடத்திற் காட்டப்படும். இவற்றை அரை நாளிற் கற்றுவிடலாம்.

ஓர் உதாரணம் கொள்வோம். கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவன் ஒருவன் மாற்றுச் சான்றிதழ் வேண்டி விண்ணப்பம் கொடுக்கின்றான். அது நூல் நிலையம், விடுதி, ஆய்வுக்கூடம், கணக்குப் பிரிவு, எழுதும் குமாஸ்தா, மேற்பார்வையாளர், முதல்வர் என ஏழு மேஜைகளைக் கடக்கவேண்டும். ஒவ்வொரு மேஜையிலும் ஐந்து நிமிஷ வேலை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 35 நிமிஷமே ஆகின்றது. ஆனால் சான்றிதழ் கைக்கு வருவது ஆறாம் நாள். மற்ற நேரமெல்லாம் எங்கே போயிற்று? காகிதம் தட்டுக்களில் உறங்கிக் கிடந்தது. படத்தில் இரு செவ்வகங்களை இணைக்கும் அம்புக்குறி ஓர் அங்குல நீளமே இருக்கும்; அந்த ஓர் அங்குலத்தைக் கடக்கக் காகிதத்துக்கு இரண்டு நாள் செல்கின்றது. தடம் விட்டுத் தடம் மாறும் இடங்களிலேயே தாமதம் குடியிருக்கின்றது. வேலை செய்பவரை விரைந்து செய்யுமாறு கடிந்துகொள்ளும் அதிகாரிகள் செவ்வகங்களையே பார்க்கின்றனர். அம்புக்குறிகளைப் பார்ப்பவர் சிலரே.

இனி, ஒத்திகை எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதைப் பார்ப்போம். பணம் கட்டும் ஜன்னலில் அமர்ந்துள்ள குமாஸ்தா ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் செலவிடுகின்றார் என்று ஐம்பது பேருக்குக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் குடத்திலிடுங்கள். ஒருவர் வந்தபின் அடுத்தவர் வரும்வரை கழியும் நேரங்களையும் அவ்வாறே எழுதி வேறொரு குடத்திலிடுங்கள். ஒரு குடத்திலிருந்து சீட்டெடுத்தால் அடுத்தவர் எப்போது வருவார் என்பது தெரியும். மற்றதிலிருந்து எடுத்தால் அவர் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தெரியும். எடுத்ததை மீண்டும் இட்டுக் குலுக்கி, இவ்வாறே ஒரு நாள் முழுவதையும் காகிதத்தில் நடத்திப் பார்க்கலாம். உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையை அறிந்த நம்மவர்க்கு இது விளங்காத வித்தையன்று. அங்கே ஓலை ஆளைத் தேர்ந்தது. இங்கே சீட்டு நேரத்தைத் தேர்கின்றது. கணினி செய்வதும் இதுவே. நாம் ஒரு நாளை நடத்தி முடிப்பதற்குள் அது பதினாயிரம் நாட்களை நடத்திவிடும். இதற்கென்றே அமைந்த கணினி மொழிகள் 1960-களிலேயே தோன்றின. நார்வே நாட்டில் டால், நிகார்ட் என்னும் இருவர் ஆக்கிய சிமுலா அவற்றுளொன்று. இன்றைய நிரல்மொழிகளில் வழங்கும் 'வகுப்பு', 'பொருள்' என்னும் கருத்துக்கள் அதிலிருந்து வந்தவை என்பது கணினி பயிலும் மாணவர்க்குச் சுவையான செய்தியாகும்.

சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் போதாதோ, குடமும் சீட்டும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆளுக்குச் சராசரி 5 நிமிஷமெனில் ஒரு குமாஸ்தா மணிக்கு 12 பேரை அனுப்பலாம். வருவோர் 10 பேரே. ஆகவே ஒருவரும் காத்திருக்கவேண்டியதில்லை என்று மனம் எளிதிற் சொல்லிவிடும். உண்மை வேறு. மனிதர் ஆறு நிமிஷத்துக்கு ஒருவராக எண்ணி வருவதில்லை. நால்வர் சேர்ந்து வருவர், பிறகு கால்மணி நேரம் ஒருவரும் வாரார். சிலருடைய வேலை அரை நிமிஷத்தில் முடிய, வேறு சிலருடையது கால்மணி நேரம் பிடிக்கும். டென்மார்க்கில் ஒரு கிராமப் பள்ளியாசிரியரின் மகனாய்ப் பிறந்து, கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியிற் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர், அழைப்புக்கள் இவ்வாறு ஒழுங்கின்றி வரும் தன்மையைக் கணக்கிலடக்கி 1909-ஆம் ஆண்டில் எழுதினார். அவர் தொடங்கிய கணிதத்தின் வழியே பார்த்தால், வருகையும் வேலை நேரமும் இங்ஙனம் மாறுபடும் ஜன்னலில், மணிக்கு 9 பேர் வந்தால் ஒருவர் சராசரி 15 நிமிஷம் வரிசையில் நிற்பார். 10 பேர் வந்தால் 25 நிமிஷம். 11 பேர் வந்தால் 55 நிமிஷம்! மணிக்கு ஒருவர் கூடியதற்கு இவ்வளவு மாறுதல்.

இதனை வேறொரு பக்கத்திலிருந்து நோக்குக. 9 பேர் வரும்போது குமாஸ்தாவுக்கு மணிக்குக் கால்மணி நேரம் ஓய்வு உண்டு. அவ்வழியாகச் செல்லும் மேலதிகாரியின் கண்ணில் அவ்வோய்வுதான் படுகின்றது. 'இவர் சும்மா இருக்கின்றாரே' என்று இன்னொரு பேரேட்டை அவர் மேஜையில் வைக்கின்றார். ஓய்வு பத்து நிமிஷம் குறைந்தது. வெளியே நிற்பவர்களின் காத்திருப்பு நாற்பது நிமிஷம் கூடிற்று. அதிகாரியின் அறையிலிருந்து வரிசை தெரிவதில்லை. ஒத்திகை மென்பொருளின் மெய்யான பயன் இதுவே: அறையிலிருந்து தெரியாத வரிசையை அது திரையிற் காட்டுகின்றது.

வேதாகமம் பயின்ற நம் மாணவர்க்கு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம் நினைவிருக்கும். மோசே தனியே அமர்ந்து நியாயம் விசாரிக்க, ஜனங்கள் காலை முதல் மாலை வரை அவர்முன் நின்றனர். ஒரே ஜன்னல், முடிவில்லா வரிசை. மாமனாராகிய எத்திரோ வந்து அதனைக் கண்டார். பத்துப் பேருக்கும் ஐம்பது பேருக்கும் நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் தலைவரை ஏற்படுத்திச் சிறு வழக்குகளை அவர்களிடமே விட்டு, அரிய வழக்குகளை மட்டும் மோசேயிடம் கொண்டுவரச் செய்யுமாறு யோசனை கூறினார். இன்றைய படத்தில் இது ஒரு சாய்சதுரம். ஆனால் நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறு. எத்திரோ முதலிற் செய்தது பார்த்தல். அடுத்துச் செய்தது, ஏன் இவ்வாறு செய்கின்றாய் என்று கேட்டு மறுமொழியைச் செவிமடுத்தல். யோசனை அதன்பிறகே வந்தது.

நம் காலத்துக்கு அணித்தான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்டு மோட்டார் கம்பெனியில், சரக்கு விற்றவர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500-க்கு மேற்பட்டவர் வேலை பார்த்தனர். கணினிகளைப் புகுத்தி நூற்றுக்கு 20 பேரைக் குறைக்கலாமென்று நிர்வாகத்தார் எண்ணியிருந்தனர். அப்போது, தாங்கள் பங்கு வைத்திருந்த ஜப்பானிய மாஸ்டா கம்பெனியில் அதே வேலையை 5 பேர் செய்வதைக் கண்டனர். மாஸ்டா சிறிய கம்பெனி என்பதைக் கணக்கிற் கொண்டாலும் வேற்றுமை மிகப் பெரிது. காரணம் யாது? வாங்கும் பிரிவு அனுப்பிய ஆர்டர், சரக்கு இறங்கிய இடத்திலிருந்து வந்த சீட்டு, விற்றவர் அனுப்பிய பில் ஆகிய மூன்றையும் 14 விவரங்களில் ஒத்துப்பார்த்தே போர்டு குமாஸ்தாக்கள் பணம் கொடுத்தனர். ஒவ்வாதவற்றின் காரணத்தைத் தேடுவதிலேயே அவர்கள் காலம் கழிந்தது. பின்னர் கம்பெனி பில்லையே நீக்கிற்று. சரக்கு வந்திறங்கும் இடத்தில் இருப்பவர் அது ஆர்டருக்கு ஒத்திருக்கின்றதா என்று கணினியிற் பார்த்து ஏற்றுக்கொண்டால், பணம் தானே செல்லும். ஒத்துப்பார்க்க வேண்டியவை மூன்று விவரங்களாயின; ஆட்கள் நூற்றுக்கு 75 பேர் குறைந்தனர். மைக்கேல் ஹாமர் என்பவர் 1990-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் இந்நிகழ்ச்சி உலகெங்கும் பரவிற்று.

பரவியது எவ்வாறு என்பதே வருந்தத்தக்கது. பில்லை நீக்கியதைப் பலர் மறந்தனர். 75 என்னும் எண்ணை ஒருவரும் மறக்கவில்லை. 'நெறி சீரமைப்பு' என்னும் பெயர் ஆட்குறைப்புக்கு மறுபெயராயிற்று. இத்துறையில் முதன்முதல் எழுதியவர்களுள் ஒருவராகிய தாமஸ் டேவன்போர்ட்டே, அது மனிதரை மறந்துவிட்ட நாகரிக மோகமாய் முடிந்ததென்று 1995-இல் எழுத நேர்ந்தது.

இதில் அறம் மட்டுமன்றிக் கணக்கின் பிழையும் உளது. காரியாலயத்தின் மெய்யான வழி விதிப்புத்தகத்தில் இராது. மேற்பார்வையாளர் விடுமுறையில் இருக்கும் நாளில் யாருடைய ஒப்பத்தோடு காகிதம் நகர்கின்றது, எந்த விவரத்துக்காக மேஜை இழுப்பில் தனி நோட்டு ஒன்று வைத்திருக்கின்றனர், எந்தப் பிரிவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டாலன்றி விடை வாராது என்பனவெல்லாம் இருபதாண்டு பணியாற்றிய குமாஸ்தா ஒருவருக்கே தெரியும். மடிக்கணினியோடு ஓர் இளைஞன் அவர் எதிரில் வந்து நின்று, 'ஐயா, தாங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள்' என்று கேட்கும்போது, அப்படம் தம் பிழைப்புக்கு உலை வைக்குமோ என்று அவர் ஐயுற்றால் என்ன சொல்வார்? விதிப்புத்தகத்தைச் சொல்வார். மெய்யைச் சொல்லித் தம் பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்ள அவருக்கு என்ன வேண்டுதல்? இளைஞன் அவர் சொன்னதை வரைவான். கணினி இல்லாத ஒரு காரியாலயத்தைப் பதினாயிரம் நாள் ஓட்டும். வரும் எண்களை நம்பி நிர்வாகத்தார் தீர்மானம் செய்வர்.

ஆகையால், படம் வரையத் தொடங்குமுன்னரே, இதனால் எவருடைய வேலையும் போகாதென்று தலைவர் எழுத்து மூலமாய் உறுதி கூறவேண்டுமென்பது எமது துணிபு. அங்ஙனமாயின் சிக்கனம் எங்கே என்பர். இலாப ஸ்தாபனங்கள் எல்லாம் இவ்வுறுதியைக் கொடுக்குமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. கொடாதவை மெய்யான படத்தையும் எதிர்பார்க்கலாகாது. கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இவ்வுறுதி கொடுப்பதிற் கஷ்டம் யாதுமில்லை. அவற்றுக்கு வேண்டுவது ஆட்குறைப்பன்று, காத்திருப்புக் குறைப்பு. வர்த்தகக் கருவி தரும ஸ்தாபனத்துக்கு எதற்கு என்போரும் நம்மிடையே உளர். மகனின் சான்றிதழுக்காக மூன்று முறை வந்து திரும்பும் கூலிக்காரத் தந்தை மூன்று நாட் கூலியை இழக்கின்றார். அவ்விழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஒத்திகைப் படத்தில் அதற்கு ஒரு தடம் வரையலாம்.

நம் வர்த்தகப் பிரிவு மாணவரை இரண்டிரண்டு பேராக இவ்வேலையில் விடலாமென்று யோசனை கூறுகின்றோம். முதல் மூன்று வாரம் கணினியைத் தொடலாகாது. பென்சிலும் கடிகாரமும் போதும். வரைந்த படத்தைக் குமாஸ்தாவிடமே காட்டி, 'இதுதான் நாங்கள் செய்வது' என்று அவர் கையொப்பம் பெறவேண்டும். அதன்பின் இலவசமாய்க் கிடைக்கும் மென்பொருள்களே போதுமானவை. முதல் ஒத்திகையில் யாதொரு மாற்றமும் செய்யாமல் இன்றைய நிலையையே ஓட்டிப் பார்க்கவேண்டும். மெய்யாக ஆறு நாள் பிடிக்கும் சான்றிதழுக்குக் கணினி இரண்டு நாள் என்று சொன்னால், சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசாமல், எந்தத் தட்டை வரைய மறந்தோம் என்று மீண்டும் காரியாலயத்துக்குச் செல்லவேண்டும். குடத்திலிடும் சீட்டுக்களை எந்த மாதத்தில் எழுதுவது என்பதும் முக்கியம். சான்றிதழ் வேண்டுவோர் கூட்டம் மிகுவது மே, ஜூன் மாதங்களில். அக்டோபர் மாதத்து அமைதியான ஜன்னலை அளந்துவைத்துக்கொண்டு ஜூன் மாதத்துக்குத் திட்டம் செய்தல் ஆகாது.